அயன்களும் பிணைப்புகளும்: இலத்திரன் கணக்கில் தவறாதிருப்போம்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம் – இரசாயனப் பகுதி



சோடியம் மென்மையான ஓர் உலோகம். கத்தியால் வெட்டலாம். ஆனால் நீரில் இட்டால் சீறிக்கொண்டு ஓடும்; சிலவேளை தீப்பற்றியும் விடும். ஆகவே அதனை எண்ணெயில் அமிழ்த்தியே வைப்பர். குளோரீன் பச்சை கலந்த மஞ்சள் நிற நச்சு வாயு. முதலாம் உலகப் போரில் 1915 ஏப்ரல் 22 இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே இவ்வாயு ஆயுதமாகத் திறந்துவிடப்பட்டது. அதனைச் சுவாசித்த போர்வீரர் பலர் மாண்டனர்.

இவ்விரண்டும் சேர்ந்தால் கிடைப்பது கறிக்கு இடும் உப்பு. அதை நாம் தினமும் உண்கிறோம், ஒன்றும் நிகழ்வதில்லை. இது எவ்வாறு? சோடியம் அணு ஒரேயோர் இலத்திரனை இழந்ததும் குளோரீன் அணு அதனைப் பெற்றதுமே காரணம். அந்த ஓர் இலத்திரனின் இடமாற்றத்தை விளங்கிக்கொண்டால் இப்பாடத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது எனலாம்.

இப்பாட அலகை மனனம் செய்து எழுதுவோர் வினாவைச் சிறிது மாற்றிக் கேட்டாலே தடுமாறுவர். கணக்கை விளங்கி எழுதுவோர் எந்த மூலகத்தைத் தந்தாலும் விடை காண்பர். கீழ்வரும் பகுதிகளை ஒழுங்காக வாசித்துச் செல்லுங்கள். இங்கு மூலகங்களின் பெயர்களையே தந்துள்ளோம். ஒவ்வொன்றுக்கும் உரிய குறியீட்டையும் சூத்திரத்தையும் உங்கள் கொப்பியில் நீங்களே எழுதிப் பழகுங்கள்.

1. அணு ஏன் நடுநிலையானது?

அணுவின் கருவில் நேரேற்றமுடைய புரோத்தன்களும் ஏற்றமற்ற நியூத்திரன்களும் உள்ளன. கருவைச் சூழ்ந்து மறையேற்றமுடைய இலத்திரன்கள் சக்தி மட்டங்களில் உள்ளன. ஒரு புரோத்தனின் ஏற்றம் +1. ஓர் இலத்திரனின் ஏற்றம் −1. அணு ஒன்றில் இவ்விரண்டின் எண்ணிக்கையும் சமன். ஆகவே அணு மின்னியல் ரீதியில் நடுநிலையானது.

இலத்திரனை 1897 இல் கண்டறிந்தவர் ஜே. ஜே. தொம்சன். இலத்திரனின் திணிவு புரோத்தனின் திணிவில் ஏறத்தாழ 1840 இல் ஒரு பங்கு மட்டுமே. எனவே ஓர் அணு சில இலத்திரன்களை இழந்தாலும் பெற்றாலும் அதன் திணிவில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படாது. ஆனால் அதன் இரசாயன இயல்பு முற்றாக மாறிவிடும்.

நினைவிற் கொள்க: இரசாயனத் தாக்கம் ஒன்றில் புரோத்தன்களின் எண்ணிக்கை ஒருபோதும் மாறாது. மாறுவது இலத்திரன்களின் எண்ணிக்கையே. புரோத்தன்களின் எண்ணிக்கை மாறுமாயின் அது வேறொரு மூலகம் ஆகிவிடும்.

2. இறுதி ஓட்டைப் பாருங்கள்

முதல் 20 மூலகங்களுக்கு இலத்திரன்களை நிரப்பும்போது முதலாம் ஓட்டில் 2, இரண்டாம் ஓட்டில் 8, மூன்றாம் ஓட்டில் 8, எஞ்சியவை நான்காம் ஓட்டில் என எழுதுவோம். இறுதி ஓட்டில் உள்ள இலத்திரன்களே பிணைப்பில் பங்குகொள்வன. அவை வலுவளவு இலத்திரன்கள் எனப்படும்.

ஈலியம் (2), நேயன் (2, 8), ஆகன் (2, 8, 8) ஆகிய விழுமிய வாயுக்கள் சாதாரண நிலைமைகளில் தாக்கம் புரிவதில்லை. அவற்றின் இலத்திரன் நிலையமைப்பு உறுதியானது. ஏனைய மூலகங்களின் அணுக்கள் பிணைப்புகளை ஆக்கும்போது பெரும்பாலும் தமக்கு அண்மையிலுள்ள விழுமிய வாயுவின் நிலையமைப்பை அடைகின்றன. இதற்கு இரு வழிகள் உள்ளன.

(அ) இலத்திரன்களை இழத்தல் அல்லது பெறுதல்: அயன்கள் தோன்றும்.
(ஆ) இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்ளல்: மூலக்கூறுகள் அல்லது அணுச் சாலகங்கள் தோன்றும்.

3. அயன்கள் தோன்றும் விதம்

வரைவிலக்கணம்: அணு ஒன்று அல்லது அணுக்கூட்டம் ஒன்று இலத்திரன்களை இழப்பதால் அல்லது பெறுவதால் உண்டாகும் ஏற்றமுடைய துணிக்கை அயன் எனப்படும்.

இலத்திரனை இழந்தால் புரோத்தன்கள் மிகையாகும். எனவே நேர் அயன், அதாவது கற்றயன், தோன்றும். இலத்திரனைப் பெற்றால் இலத்திரன்கள் மிகையாகும். எனவே மறை அயன், அதாவது அனயன், தோன்றும்.

பொதுவாக உலோகங்கள் இழக்கும், அல்லுலோகங்கள் பெறும். சோடியத்தின் நிலையமைப்பு 2, 8, 1. இறுதி ஓட்டிலுள்ள ஓர் இலத்திரனை இழந்தால் 2, 8 ஆகும். குளோரீனின் நிலையமைப்பு 2, 8, 7. ஓர் இலத்திரனைப் பெற்றால் 2, 8, 8 ஆகும்.

ஏற்றத்தைக் கணிக்க ஒரு சிறிய கழித்தல் போதுமானது.

அயனின் ஏற்றம் = புரோத்தன்களின் எண்ணிக்கை − இலத்திரன்களின் எண்ணிக்கை

சோடியம் அயன்: 11 − 10 = +1
குளோரைட்டு அயன்: 17 − 18 = −1
மகனீசியம் அயன்: 12 − 10 = +2
ஒட்சைட்டு அயன்: 8 − 10 = −2

கீழ்வரும் அட்டவணையை மனனம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு வரியையும் மேற்கூறிய கழித்தலால் சரிபாருங்கள்.

| மூலகம் | அணுவெண் | அணுவின் நிலையமைப்பு | அயனின் நிலையமைப்பு | ஏற்றம் |
|---|---|---|---|---|
| இலிதியம் | 3 | 2, 1 | 2 | +1 |
| நைதரசன் | 7 | 2, 5 | 2, 8 | −3 |
| ஒட்சிசன் | 8 | 2, 6 | 2, 8 | −2 |
| புளோரீன் | 9 | 2, 7 | 2, 8 | −1 |
| சோடியம் | 11 | 2, 8, 1 | 2, 8 | +1 |
| மகனீசியம் | 12 | 2, 8, 2 | 2, 8 | +2 |
| அலுமினியம் | 13 | 2, 8, 3 | 2, 8 | +3 |
| கந்தகம் | 16 | 2, 8, 6 | 2, 8, 8 | −2 |
| குளோரீன் | 17 | 2, 8, 7 | 2, 8, 8 | −1 |
| பொற்றாசியம் | 19 | 2, 8, 8, 1 | 2, 8, 8 | +1 |
| கல்சியம் | 20 | 2, 8, 8, 2 | 2, 8, 8 | +2 |

அட்டவணையில் ஒரு விடயத்தைக் கவனித்தீர்களா? ஒட்சைட்டு, புளோரைட்டு, சோடியம், மகனீசியம், அலுமினியம் அயன்கள் அனைத்திலும் 10 இலத்திரன்களே உள்ளன. நேயன் அணுவிலும் 10 தான். எனினும் இவை ஒன்றல்ல; இவற்றின் கருக்கள் வெவ்வேறானவை. "சோடியம் அயன் நேயனாக மாறுகிறது" என எழுதினால் புள்ளி கிடைக்காது. "நேயனின் இலத்திரன் நிலையமைப்பை அடைகிறது" என்றே எழுத வேண்டும்.

அணுக்கூட்டங்களும் அயன்களாக இருக்கலாம். இவை பல்லணு அயன்கள் எனப்படும். அமோனியம் (+1), ஐதரொட்சைட்டு (−1), நைத்திரேற்று (−1), காபனேற்று (−2), சல்பேற்று (−2), பொசுபேற்று (−3) ஆகிய ஆறையும் அறிந்திருத்தல் அவசியம்.

4. சோடியம் இலத்திரனைத் தானாகக் கொடுக்கின்றதா?

"சோடியம் ஓர் இலத்திரனைக் கொடுக்க விரும்புகிறது" என்று வகுப்பிற் கூறுவதுண்டு. எளிதில் விளங்குவதற்காகக் கூறும் பேச்சு அது. அணுவுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. இலத்திரனைக் கரு கவர்ந்து வைத்திருக்கின்றது. அதனைப் பிரிப்பதற்குச் சக்தியை வழங்கியே ஆகவேண்டும். இச்சக்தி அயனாக்கற் சக்தி எனப்படும்.

வாயுநிலையிலுள்ள ஒரு மூல் சோடியம் அணுக்களிலிருந்து ஓர் இலத்திரன் வீதம் அகற்றுவதற்கு 496 கிலோயூல் தேவை. இரண்டாவது இலத்திரனையும் அகற்ற வேண்டுமாயின் மேலும் 4562 கிலோயூல் தேவை. அதாவது ஏறத்தாழ ஒன்பது மடங்கு. காரணம், இரண்டாவது இலத்திரன் கருவுக்கு அண்மையிலுள்ள நிரம்பிய உள் ஓட்டில் இருக்கிறது. சோடியம் அயனின் ஏற்றம் ஏன் +1, ஏன் +2 அல்ல என்பதற்கு விடை இவ்விரு எண்களிலும் உள்ளது.

மறுபுறம், ஒரு மூல் குளோரீன் அணுக்கள் ஓர் இலத்திரன் வீதம் பெறும்போது 349 கிலோயூல் வெளிவிடப்படும். 496 ஐச் செலவழித்து 349 ஐப் பெற்றால் 147 கிலோயூல் பற்றாக்குறை. அப்படியாயின் உப்பு ஏன் உண்டாகின்றது? நேர் அயன்களும் மறை அயன்களும் ஒன்றையொன்று கவர்ந்து திண்மச் சாலகமாக அடுக்கப்படும்போது ஏறத்தாழ 787 கிலோயூல் வெளிவிடப்படுகின்றது. பற்றாக்குறையை அடைத்து மிகுதியும் கிடைக்கின்றது.

இவ்வெண்கள் சாதாரண தரப் பரீட்சைக்கு அவசியமில்லை. உயர்தரத்தில் இரசாயனம் கற்க எண்ணுவோருக்கு உதவும். ஆனால் கருத்து அனைவருக்கும் வேண்டியது: அயன் சேர்வையை உறுதியாக்குவது எதிர் ஏற்றங்களுக்கிடையிலான கவர்ச்சியே.

5. அயன் பிணைப்பு

வரைவிலக்கணம்: நேர் அயன்களுக்கும் மறை அயன்களுக்கும் இடையிலான வலிமையான நிலைமின் கவர்ச்சியினால் ஏற்படும் பிணைப்பு அயன் பிணைப்பு எனப்படும்.

"இலத்திரன் இடமாற்றமே அயன் பிணைப்பு" என எழுதுவது நிறைவான விடையன்று. இலத்திரன் இடமாற்றத்தால் அயன்கள் தோன்றுகின்றன. பிணைப்பு என்பது அவ்வயன்களுக்கிடையிலான கவர்ச்சி.

சேர்வையின் சூத்திரத்தைக் காண்பதற்கு ஒரே விதி: மொத்த நேரேற்றமும் மொத்த மறையேற்றமும் சமனாதல் வேண்டும்.

சோடியம் குளோரைட்டு: +1, −1. விகிதம் 1 : 1.
மகனீசியம் குளோரைட்டு: மகனீசியம் இரண்டு இலத்திரன்களை இழக்கும். ஒரு குளோரீன் அணு ஒன்றையே பெறும். எனவே இரண்டு குளோரீன் அணுக்கள் தேவை. விகிதம் 1 : 2.
மகனீசியம் ஒட்சைட்டு: +2, −2. விகிதம் 1 : 1.
அலுமினியம் ஒட்சைட்டு: +3, −2. இரண்டு அலுமினியம் அயன்களின் ஏற்றம் +6. மூன்று ஒட்சைட்டு அயன்களின் ஏற்றம் −6. விகிதம் 2 : 3.

சோடியம் குளோரைட்டில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை. திண்ம உப்பில் ஒவ்வொரு சோடியம் அயனையும் ஆறு குளோரைட்டு அயன்கள் சூழ்ந்திருக்கும். ஒவ்வொரு குளோரைட்டு அயனையும் ஆறு சோடியம் அயன்கள் சூழ்ந்திருக்கும். இவ்வாறு முப்பரிமாணத்தில் ஒழுங்காக நீண்டு செல்லும் அமைப்பு அயன் சாலகம் எனப்படும். உப்பின் இவ்வமைப்பை 1913 இல் எக்சு கதிர்களைக் கொண்டு கண்டறிந்த பிராக் தந்தையும் மகனும் 1915 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆகவே உப்பைக் குறிக்கும்போது "மூலக்கூறு" என்ற சொல்லைத் தவிர்க்குக.

6. பங்கீட்டு வலுப் பிணைப்பு

இரு அல்லுலோக அணுக்கள் சந்தித்தால் யார் கொடுப்பது? இரண்டுக்குமே இலத்திரன்கள் தேவை. எனவே பங்கிட்டுக்கொள்கின்றன. அணுக்கள் இலத்திரன் சோடிகளைப் பங்கிடுவதால் பிணைப்பு உண்டாகின்றது என்னும் கருத்தை 1916 இல் வெளியிட்டவர் அமெரிக்க இரசாயனவியலாளர் கில்பேட் லூயிசு.

வரைவிலக்கணம்: இரு அணுக்களுக்கிடையே இலத்திரன் சோடிகள் பங்கிடப்படுவதால் ஏற்படும் பிணைப்பு பங்கீட்டு வலுப் பிணைப்பு எனப்படும்.

பங்கிடப்பட்ட சோடி பிணைப்புச் சோடி. பங்கிடப்படாத சோடி தனிச்சோடி. ஒரு சோடி பங்கிடப்பட்டால் ஒற்றைப் பிணைப்பு, இரண்டு எனின் இரட்டைப் பிணைப்பு, மூன்று எனின் மும்மைப் பிணைப்பு.

குற்று – புள்ளடிக் கட்டமைப்பு வரையும்போது பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றுங்கள்.

படி 1: எல்லா அணுக்களினதும் வலுவளவு இலத்திரன்களைக் கூட்டுக.
படி 2: இரண்டால் வகுத்துச் சோடிகளின் எண்ணிக்கையைக் காண்க.
படி 3: அணுக்களை இணைக்கும் பிணைப்புச் சோடிகளை இடுக.
படி 4: எஞ்சிய சோடிகளைத் தனிச்சோடிகளாக இடுக.
படி 5: ஒவ்வோர் அணுவைச் சுற்றியும் 8 இலத்திரன்கள் உள்ளனவா எனச் சரிபார்க்க. ஐதரசனுக்கு 2 போதும். 8 இல்லையாயின் தனிச்சோடியைப் பிணைப்புச் சோடியாக மாற்றுக.

உதாரணமாக நீர் மூலக்கூறு: ஒட்சிசன் 6, ஐதரசன் இரண்டிலிருந்தும் 2, மொத்தம் 8. எனவே 4 சோடிகள். இரண்டு பிணைப்புச் சோடிகள், இரண்டு தனிச்சோடிகள். இவ்விரு தனிச்சோடிகளும் ஒட்சிசன் மீதே இருக்கும்.

| மூலக்கூறு | மொத்தச் சோடிகள் | பிணைப்புச் சோடிகள் | தனிச்சோடிகள் |
|---|---|---|---|
| ஐதரசன் | 1 | 1 | 0 |
| குளோரீன் | 7 | 1 | 6 |
| ஒட்சிசன் | 6 | 2 | 4 |
| நைதரசன் | 5 | 3 | 2 |
| ஐதரசன் குளோரைட்டு | 4 | 1 | 3 |
| நீர் | 4 | 2 | 2 |
| அமோனியா | 4 | 3 | 1 |
| மெதேன் | 4 | 4 | 0 |
| காபனீரொட்சைட்டு | 8 | 4 | 4 |

பங்கீடு எப்பொழுதும் சமபங்கீடு அன்று. பிணைப்பிலுள்ள இலத்திரன்களைத் தன்பால் கவரும் ஆற்றல் மின்னெதிர்த்தன்மை எனப்படும். லைனஸ் போலிங் 1932 இல் அறிமுகப்படுத்திய அளவுத்திட்டத்தில் புளோரீனுக்கே அதிகூடிய பெறுமானம், ஏறத்தாழ 4.0. ஒட்சிசன் 3.4, ஐதரசன் 2.2. ஆகவே நீரில் பங்கிடப்பட்ட சோடி ஒட்சிசன் பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒட்சிசன் சிறிதளவு மறையேற்றத்தையும் ஐதரசன் சிறிதளவு நேரேற்றத்தையும் பெறும். இது முனைவாக்கம் எனப்படும். உப்பு நீரில் கரைவதற்கு இம்முனைவாக்கமே உதவுகின்றது. நீர் மூலக்கூறுகளின் ஒட்சிசன் முனை சோடியம் அயன்களையும், ஐதரசன் முனை குளோரைட்டு அயன்களையும் சூழ்ந்து சாலகத்திலிருந்து பிரித்தெடுக்கின்றன.

7. இரு வகைச் சேர்வைகளின் இயல்புகள்

| இயல்பு | அயன் சேர்வைகள் | எளிய மூலக்கூற்றுச் சேர்வைகள் |
|---|---|---|
| துணிக்கைகள் | அயன்கள் | மூலக்கூறுகள் |
| அறை வெப்பநிலையில் | பளிங்குருவான திண்மங்கள் | பெரும்பாலும் வாயு, திரவம் அல்லது மென் திண்மம் |
| உருகுநிலை | உயர்ந்தது | தாழ்ந்தது |
| திண்ம நிலையில் மின் கடத்தல் | கடத்தாது | கடத்தாது |
| உருகிய நிலையில் மின் கடத்தல் | கடத்தும் | கடத்தாது |

சோடியம் குளோரைட்டின் உருகுநிலை 801 பாகை செல்சியசு. மகனீசியம் ஒட்சைட்டின் உருகுநிலை ஏறத்தாழ 2850 பாகை செல்சியசு. இவ்வளவு வேறுபாடு ஏன்? சோடியம் குளோரைட்டில் +1, −1 ஏற்றங்கள் கவர்கின்றன. மகனீசியம் ஒட்சைட்டில் +2, −2 ஏற்றங்கள் கவர்கின்றன. மேலும் இவ்வயன்கள் சிறியவையாதலால் நெருங்கியும் இருக்கின்றன. கவர்ச்சி கூடும்போது உருகுநிலையும் கூடும்.

கவனிக்குக: நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும்போது ஒட்சிசனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலான பிணைப்பு உடைவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலான கவர்ச்சி விசைகளே மீறப்படுகின்றன. கேத்தலிலிருந்து வெளிவருவது நீராவியே. ஐதரசனும் ஒட்சிசனும் அல்ல. ஆகவே "பங்கீட்டு வலுப் பிணைப்பு வலிமை குறைந்தது, அதனால் உருகுநிலை குறைவு" என எழுதுவது தவறு. வைரத்தில் இருப்பதும் பங்கீட்டு வலுப் பிணைப்பே. அது அணுச் சாலகமாக அமைந்திருப்பதால் மிக வன்மையானது. எமது நாட்டில் போகல, கஹட்டகஹ ஆகிய இடங்களில் அகழப்படும் காரீயமும் காபனின் அணுச் சாலகமே. ஆனால் அதில் ஒவ்வொரு காபன் அணுவும் மூன்று அணுக்களுடன் மட்டும் பிணைந்துள்ளது; எஞ்சிய இலத்திரன்கள் படைகளின் வழியே அசையக்கூடியவை. ஆகவே காரீயம் மின்னைக் கடத்தும்.

8. உப்பளத்தில் நடப்பது என்ன?

ஆனையிறவு, மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை ஆகிய பகுதிகளில் கடல்நீரிலிருந்து உப்பு விளைவிப்பதை அறிவீர்கள். அங்கு சோடியம் இலத்திரனை இழக்கின்றதா? இல்லை. கடல்நீரில் அயன்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் கரைந்த உப்புகள் உள்ளன. இதில் குளோரைட்டு அயன்கள் ஏறத்தாழ 19 கிராம்; சோடியம் அயன்கள் ஏறத்தாழ 11 கிராம். இவற்றுடன் மகனீசியம், சல்பேற்று, கல்சியம், பொற்றாசியம் அயன்களும் உண்டு.

வெயிலிலும் காற்றிலும் நீர் மட்டுமே ஆவியாகின்றது. அயன்கள் பின்தங்கிச் செறிவடைகின்றன. முதலில் கல்சியம் காபனேற்றும், அடுத்துக் கல்சியம் சல்பேற்றும் வீழ்படிகின்றன. பின்னர் சோடியம் குளோரைட்டு பளிங்காகின்றது. எஞ்சும் தாய்த்திராவகத்தில் மகனீசியம் உப்புகள் மிகுந்திருக்கும். விளைந்த உப்பில் ஒட்டியுள்ள மகனீசியம் குளோரைட்டு கசப்புச் சுவையைத் தரும். அது வளியிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசியும். உப்பைக் குவித்துப் பல மாதங்கள் வைத்திருப்பது இம்மாசு கசிந்து வடிவதற்காகவே.

உப்பைச் சோற்று நீரிற் கரைத்தாலும் சோடியம் உலோகமோ குளோரீன் வாயுவோ மீண்டும் தோன்றுவதில்லை. அயன்கள் அயன்களாகவே பிரிகின்றன. உருகிய உப்பினூடாக மின்னைச் செலுத்தினால் மாத்திரமே சோடியம் அயன் இலத்திரனை மீளப் பெற்று உலோகமாகும். குளோரைட்டு அயன் இலத்திரனை இழந்து வாயுவாகும்.

அணுவுக்கும் அயனுக்கும் உள்ள இவ்வேறுபாடு வீட்டிலும் பயன்படும். கல்சியம் மாத்திரையில் இருப்பது கல்சியம் உலோகமன்று, கல்சியம் அயன்கள். பற்பசையில் இருப்பது நச்சு வாயுவான புளோரீன் அன்று, புளோரைட்டு அயன்கள். அவையும் அளவோடு இருத்தல் வேண்டும். உலர் வலயத்தின் சில இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைட்டு மிகுந்திருப்பதால் சிறுவரின் பற்களில் கறை படிகின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவு ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வயிற்றோட்டத்தின்போது உடல் நீரை மட்டுமன்றிச் சோடியம், பொற்றாசியம், குளோரைட்டு அயன்களையும் இழக்கின்றது. வெறும் நீர் அருந்துவது போதாது. ஜீவனிக் கரைசல் கொடுக்கப்படுவது இதற்காகவே.

9. குறைந்த மதிப்பீடு பெற்ற ஒரு மாணவன்

"அயன்" என்ற பெயரை 1834 இல் மைக்கல் பரடே பயன்படுத்தினார். மின்னைச் செலுத்தும்போதே அயன்கள் தோன்றுகின்றன எனப் பலரும் எண்ணியிருந்தனர். சுவீடனைச் சேர்ந்த சுவாந்தே அரீனியசு என்ற இளைஞர், உப்பு நீரில் கரையும்போதே அயன்களாகப் பிரிகின்றது என்ற கருத்துக்கு வழிவகுத்த ஆய்வை 1884 இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். பரீட்சகர்கள் நம்பவில்லை; தாழ்ந்த தரத்திலேயே அதனைச் சித்தியடையச் செய்தனர். ஆனால் 1903 இல் இக்கருத்துக்காகவே அவருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. தவணைப் பரீட்சையிற் புள்ளி குறைந்தவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. ஆனால் அரீனியசு தமது கருத்துக்கான ஆதாரங்களைத் தொடர்ந்து தேடினார் என்பதையும் மறவாதீர்கள்.

10. விடைத்தாள்களில் அடிக்கடி காணப்படும் தவறுகள்

(i) "சோடியம் புரோத்தனைப் பெற்று நேரேற்றமடைகிறது." – தவறு. இலத்திரனை இழக்கிறது.
(ii) "உப்புக் கரைசலில் இலத்திரன்கள் அசைவதால் மின் கடத்தப்படுகிறது." – தவறு. கரைசலினூடாக அசைவன அயன்கள். கம்பியில்தான் இலத்திரன்கள் அசையும்.
(iii) "திண்ம உப்பில் அயன்கள் இல்லை, ஆகவே மின்னைக் கடத்தாது." – தவறு. அயன்கள் உண்டு, சாலகத்தில் நிலைப்படுத்தப்பட்டிருப்பதால் அசைய முடியாது.
(iv) "ஐதரசன் குளோரைட்டு அமிலமாகையால் அயன் சேர்வை." – தவறு. வாயுநிலையில் அது பங்கீட்டு வலுச் சேர்வை. நீரிற் கரையும்போதே அயன்களை உண்டாக்குகின்றது.
(v) அயனை வரையும்போது சதுர அடைப்பையும் வலது மேல் மூலையில் ஏற்றத்தையும் இடாமல் விடுதல். – படம் சரியாயினும் புள்ளி குறையும்.

11. மாதிரி வினாவும் விடையும்

க, ச, த ஆகிய மூன்று மூலகங்களின் இலத்திரன் நிலையமைப்புகள் முறையே 2, 8, 2, 2, 7, 2, 4 ஆகும். (இவை உண்மைக் குறியீடுகள் அல்ல.)

(1) க உருவாக்கும் அயனின் ஏற்றம் யாது?
(2) க, ச சேர்ந்து உருவாக்கும் சேர்வையில் அணுக்களின் விகிதம் யாது? பிணைப்பு வகை யாது?
(3) த, ச சேர்ந்து உருவாக்கும் எளிய மூலக்கூறில் எத்தனை பிணைப்புச் சோடிகளும் தனிச்சோடிகளும் உள்ளன?
(4) வினா (2) இன் சேர்வை திண்ம நிலையில் மின்னைக் கடத்தாது. உருகிய நிலையில் கடத்தும். விளக்குக.

விடை:

(1) இறுதி ஓட்டிலுள்ள இரண்டு இலத்திரன்களை இழக்கும். ஏற்றம் +2.
(2) ச ஓர் இலத்திரனைப் பெற்று −1 ஏற்றமுடைய அயனை ஆக்கும். விகிதம் 1 : 2. அயன் பிணைப்பு.
(3) த அணு நான்கு இலத்திரன்களைப் பங்கிடும். எனவே ஒரு த அணுவுடன் நான்கு ச அணுக்கள். வலுவளவு இலத்திரன்கள் 4 + 28 = 32; சோடிகள் 16. பிணைப்புச் சோடிகள் 4, தனிச்சோடிகள் 12.
(4) திண்ம நிலையில் அயன்கள் சாலகத்தில் வலிமையான நிலைமின் கவர்ச்சியால் நிலைப்படுத்தப்பட்டுள்ளன. உருகிய நிலையில் அவை சுயாதீனமாக அசையக்கூடியவை. எனவே மின்னைக் கடத்தும்.

12. பயிற்சி

1. 16 புரோத்தன்களும் 18 இலத்திரன்களும் உடைய துணிக்கையின் நிலையமைப்பு, ஏற்றம், பெயர் என்பவற்றை எழுதுக.
2. கல்சியம் அயனிலும் ஆகன் அணுவிலும் 18 இலத்திரன்கள் உள்ளன. எனினும் இவை ஒரே மூலகமல்ல. ஏன்?
3. கல்சியம் நைத்திரேற்றில் அயன்களின் விகிதம் யாது?
4. அமோனியம் குளோரைட்டில் இரு வகைப் பிணைப்புகளும் உள்ளன. விளக்குக.
5. சீனிக் கரைசல் மின்னைக் கடத்தாது. உப்புக் கரைசல் கடத்தும். காரணம் தருக.

விடைகள்

1. 2, 8, 8, −2, சல்பைட்டு அயன்.
2. மூலகத்தைத் தீர்மானிப்பது புரோத்தன்களின் எண்ணிக்கை. கல்சியத்தில் 20, ஆகனில் 18.
3. +2, −1 ஆகையால் 1 : 2.
4. அமோனியம் அயனினுள் நைதரசனும் ஐதரசனும் பங்கீட்டு வலுப் பிணைப்பால் இணைந்துள்ளன. அமோனியம் அயனுக்கும் குளோரைட்டு அயனுக்கும் இடையே இருப்பது அயன் பிணைப்பு.
5. சீனி நீரில் மூலக்கூறுகளாகவே கரையும், அயன்கள் இல்லை. உப்புக் கரைசலில் அசையக்கூடிய அயன்கள் உண்டு.

மாணவர்களே, இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு முதல் 20 மூலகங்களின் நிலையமைப்புகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "இழக்கும்", "பெறும்", "பங்கிடும்", "தாக்கம் புரியாது" ஆகியவற்றுள் பொருத்தமானதைக் குறியுங்கள். சிலவற்றுக்கு இரண்டு பொருந்தும். குளோரீன் சோடியத்துடன் பெறும், ஐதரசனுடன் பங்கிடும். அவ்வாறு இரண்டு பொருந்துவன எவை என்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டால், இவ்வலகிலிருந்து வரும் வினாவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.